பார்ட்டிக்கு முன்பே முடிந்துவிடும் ஓட்கா

தம்பி, உங்கள் ஃபிரட்டர்னிட்டியில், அதாவது அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர் சங்கத்தில், பார்ட்டிகளில் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் ரிஸ்க் மேனேஜராக உங்களை ஆக்கிவிட்டார்கள், ஆனால் பையன்கள் பார்ட்டிக்கு முன்பே அறையில் ஓட்காவை முடித்துவிட்டு வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்தப் பொறுப்பில் ஒரு வருடம் தூக்கம் கெட்டவன்தான்.

அளவைவிட வேகம்தான் ஆபத்து. இரண்டு மணி நேரத்தில் ஆணுக்கு ஐந்து டிரிங்க் போனாலே அமெரிக்கக் கணக்கில் அது மிதமிஞ்சிய குடி. ஒரு டிரிங்க் என்பது 44 மி.லி. ஓட்கா. அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் கப்பில் கண்ணளவாக ஊற்றிப் பாருங்கள், மூன்று டிரிங்க் சத்தமில்லாமல் உள்ளே போயிருக்கும். அதனால் முதலில் வாளியில் கலக்கும் 'பஞ்ச்' என்ற மதுக் கலவையை ஒழியுங்கள். கேன் பீர் என்றால் எண்ணவாவது முடியும். பீட்சாவை நள்ளிரவில் அல்ல, எட்டு மணிக்கே வரவழையுங்கள்.

குடிக்காமல் காவல் நிற்க புதுப் பையன்களைப் போடாதீர்கள். சீனியரிடம் 'போதும் அண்ணா' என்று அவன் எப்படிச் சொல்வான்? மூத்தவர்களே நிற்கட்டும்.

அப்புறம், விழுந்தவனை 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று விடவே கூடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறும். 2017-இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபிரட்டர்னிட்டி ஒன்றில் படிகளில் விழுந்த 19 வயதுப் பையனுக்கு உதவி கேட்டு அழைக்கவே கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆனது, பிழைக்கவில்லை. எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். பல மாநிலங்களில் உதவிக்கு அழைத்தவர்மேல் குடி வழக்கு வராதபடி சட்டம் இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் என்னவென்று பார்த்து, அந்தப் பக்கத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.