எழுந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி: மூளைத் தண்டுவட நீர்க் கசிவு

“எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் குறைகிறது, மூளைத் தண்டுவட நீரின் அழுத்தம் குறைந்திருக்கலாம் என்கிறார்கள். இதை எப்படி உறுதி செய்வார்கள், குணமாகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இதே நோயால் அவதிப்பட்டு மீண்டவன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்கிறேன். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது பிடரியில் தொடங்கும் வலி, தவளக்குப்பம் வருவதற்குள் தலை முழுவதும் பரவி, காதும் அடைத்துக்கொள்ளும். முதலில் சைனஸ் என்றார்கள். பிறகு ஒற்றைத் தலைவலி என்று இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினேன். மூன்றாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர்தான், “படுத்தால் எத்தனை நிமிடத்தில் குறைகிறது?” என்று கேட்டார். பத்து நிமிடம் என்றதும் அவர் வேறு திசையில் தேடத் தொடங்கினார்.

அவர் விளக்கியது இது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லி நீர் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. தண்டுவட உறையில் கிழிசல் விழுந்து நீர் கசிந்தால், மூளையின் மிதப்பு குறைந்து, நிற்கும்போது அது சற்றே கீழிறங்கி, வலி உணரும் உறைகளை இழுக்கிறது. சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு வரும் தலைவலியும் இதே வகைதான். எனக்கோ ஊசி எதுவும் இல்லாமல் தானாகவே வந்தது.

கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த எம்ஆர்ஐயில் மூளையின் உறை தடித்து ஒளிர்ந்தது. தண்டுவட ஸ்கேனில் கசிவும் தெரிந்தது. முதுகில் ஊசியிட்டு அளக்கும் அழுத்தம் 60 மில்லிமீட்டர் நீருக்குக் கீழிருந்தால் குறைவு என்பார்கள். ஆனால் ‘அழுத்தக் குறைவு’ என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது: கசிவுள்ள பலருக்கு அந்த அளவு இயல்பாகவே இருக்கும். சிலருக்கு மூளை ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. ஆகவே ஓர் அறிக்கை சரியாக வந்ததை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

முதலில் படுக்கை ஓய்வு, நிறையத் தண்ணீர், காபி. (அம்மாவின் டிகாஷனுக்கு அப்போதுதான் மருத்துவ அங்கீகாரம் கிடைத்தது.) அது போதாதபோது, கையிலிருந்து எடுத்த என் சொந்த இரத்தம் சுமார் 20 மில்லியைத் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தினார்கள், இதற்கு ‘பிளட் பேட்ச்’ என்று பெயர். 1960இல் கோர்ம்லி என்ற மருத்துவர் இரண்டு மூன்று மில்லியைக் கொண்டே இதைத் தொடங்கியிருக்கிறார். எனக்கு இரண்டாம் முறைதான் நின்றது. நீர் நேரடியாகச் சிரைக்குள் வடியும் ஒரு வகை 2014இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோ, அந்தச் சிரையை அடைக்கும் சிகிச்சையோ தேவைப்படும்.

பேட்ச் போட்ட பிறகு வலி தலைகீழாகி, படுத்தால் கூடுவதாக இருந்தால், அழுத்தம் மிகுந்திருக்கலாம்; உடனே சொல்லுங்கள். குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ஓயாத வாந்தி ஆகியவை தென்பட்டால் மூளை உறைக்கடியில் இரத்தம் தேங்கியிருக்கக்கூடும் என்பதால், மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.