கட்டையும் பெல்ட்டும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. ஐந்து மாதமாக ஐயங்கார் முறை யோகா வகுப்புக்குப் போகிறேன். தாடாசனத்தில் சும்மா நிற்பதற்கே பத்து நிமிடம் ஆகிறது. பெருவிரல் மேட்டை அழுத்துங்கள், முழங்கால் சில்லை மேலே இழுங்கள் என்று ஆசிரியை சொல்லிக்கொண்டே இருக்கிறார். பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் என் கை தரையைத் தொடும். ஆனாலும் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். பெல்ட், நாற்காலி, சுவரில் கயிறு என்று வகுப்பே தச்சுப்பட்டறை போல இருக்கிறது. வேறோர் இடத்தில் பயிலும் என் தங்கை தினமும் 54 சூரிய நமஸ்காரம் செய்து என்னைக் கேலி செய்கிறாள். பதஞ்சலி முனிவர் பெல்ட் கட்டிக்கொண்டா யோகம் செய்தார்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

தச்சுப்பட்டறையைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் முதல் நாள் கிட்டத்தட்ட இதையேதான் நினைத்தேன்.

உங்கள் கை தரையைத் தொடுகிறது என்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். வீட்டில் முதுகைச் சுவரில் சாய்த்து, மூன்று அல்லது மூன்றரை அடி இடைவெளியில் காலை அகட்டி நில்லுங்கள். வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வலப்பக்கம் சாயுங்கள். கை தரைக்குப் போகும்போது இடது தோள் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். சுவரை விட்டு முன்னால் சரிந்திருக்கும். வலது விலா சுருங்கி மடிந்திருக்கும், மார்பு தரையைப் பார்க்கும். இப்போது கட்டையை உயரவாக்கில் நிறுத்தி அதன்மேல் கையை வையுங்கள். தோள் சுவருக்குத் திரும்பிவிடும், விலா நீளும், மூச்சும் தடையில்லாமல் போகும். இந்த ஆசனத்தில் கேட்பது பக்கவாட்டு நீட்சியை. கை எங்கே போய்ச் சேர்கிறது என்பது அதற்கு அடுத்த கணக்கு.

முழங்கால் சில்லு விஷயமும் இப்படித்தான். எளிதில் வளையும் உடம்புக்காரர்கள் முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். எடை மூட்டில் போய் உட்காரும். சில்லை இழுக்கச் சொல்வது தொடைத் தசையை வேலைக்கு எழுப்பத்தான்.

பதஞ்சலியிடம் வருவோம். யோக சூத்திரத்தில் ஆசனத்துக்காக அவர் ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். அவற்றில் முதலாவது, ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பெல்ட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உங்கள் தங்கையின் 54-ஐப் பற்றியும் இல்லை. இன்று நாம் செய்யும் சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர்களில் ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானத்தின் மன்னர்.

உங்கள் வகுப்பின் முறையை உருவாக்கிய பி.கே.எஸ். ஐயங்கார் 1918-இல் கோலார் மாவட்டத்து பெள்ளூரில் பிறந்தவர். சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வாட்டிய நோஞ்சான் உடம்பு. மைசூரில் யோகம் கற்பித்துக்கொண்டிருந்த அக்கா கணவர் கிருஷ்ணமாச்சார்யாவிடம் கற்றார். 1937-இல் புனேவுக்குக் கற்பிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1966-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற ‘லைட் ஆன் யோகா’ நூலின் படங்களில் பெரும்பாலும் வெறுந்தரையில்தான் வளைகிறார், கட்டை கண்ணில் படுவதே அரிது. வளையாத உடம்புகளும் நோயாளிகளும் அவரைத் தேடி வந்தார்கள். கட்டையும் கயிறும் திண்டும் அவர்களுக்காகத்தான் பெருகின.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வகுப்பில் வெறும் பாயில் சர்வாங்காசனம், அதாவது தோளில் நின்று காலை மேலே உயர்த்தும் ஆசனம், செய்யவைத்தார்கள். பிடரிக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பில் மொத்த எடையும் இறங்கியது. இரண்டு வாரம் ஸ்கூட்டரில் பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பிறகு சேர்ந்த ஐயங்கார் வகுப்பில் நான்கு போர்வைகளை மடித்து அடுக்கச் சொன்னார்கள். தோள் போர்வை மேல், தலை அதற்குக் கீழே தரையில். ஆசிரியை என் அடுக்கின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மடிப்பு துருத்திக்கொண்டிருந்தது. பேசாமல் நான்கையும் பிரித்து மறுபடி மடிக்க வைத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஏறி நின்றபோது கழுத்து இருப்பதே தெரியவில்லை.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. ஐயங்கார் கோபக்காரர், மாணவர்களை அடித்ததும் உண்டு. அவரிடமிருந்து அந்தக் கடுமையை மட்டும் கற்றுக்கொண்ட ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டின் குழி ஆளுக்கு ஆள் மாறும். எல்லாரையும் ஒரே படத்துக்குள் திணிக்கப் பார்ப்பவரிடம் நானாக இருந்தால் ஒரு மாதம்கூடத் தங்கமாட்டேன். உங்கள் ஆசிரியை அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. கை தரையைத் தொட்ட பிறகும் கட்டை கொடுக்கிறார் என்றால் உங்கள் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கட்டை எப்போது போகும் என்று அவரிடமே கேளுங்கள். சுவரில் இரண்டு தோளும் ஒட்டியிருக்கக் கை தரைக்கு வந்தால் அவரே எடுத்துவிடுவார். தங்கை அடுத்த முறை வீட்டுக்கு வந்தால் அவரையும் அந்தச் சுவரோரம் நிறுத்திப் பாருங்கள்.