முட்டிக்குப் பின்னால் பிய்ந்த எலும்புத் துண்டு: ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

முதலில் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். சென்னை ஆற்காடு சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து 12 நாளாகிறது, முட்டியின் பின்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) எலும்புத் துண்டோடு பிய்ந்திருக்கிறது, டாக்டர் ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார், யூடியூப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: முந்தாநாளிலிருந்து கெண்டைக்கால் வீங்கி இறுகி வலிக்கிறது, அம்மா தினமும் நீவி விடுகிறார் என்று. மற்ற கேள்விகள் காத்திருக்கும். இது காத்திருக்காது.

அடிபட்ட காலை நீட்டிப் போட்டு நாள்கணக்கில் படுத்திருப்பவருக்குக் காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்துவிடலாம். அப்படி உறைந்த கட்டி நீவும்போது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அடிபட்ட ரத்தம் கீழே இறங்கிக் கெண்டைக்காலும் கணுக்காலும் நீலமும் பச்சையுமாக மாறுவது சாதாரணம், அந்த நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் நாளுக்கு நாள் பெருத்து, இறுகி, தொட்டால் சூடாக இருந்தால் அது வேறு விஷயம். முட்டிக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு காலிலும் ஒரே இடத்தில் டேப் வைத்துப் பாருங்கள், 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அளவு குறைவாக வந்தாலும் சரி, இன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (சிரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுங்கள், நாளைக்கு என்று சொல்லாதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆட்டோ தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாதம் சில்லிட்டோ மரத்தோ போனாலும் நேராக எமர்ஜென்சிக்குத்தான். ரத்தம் நீர்த்துப்போகட்டும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்பதற்காக நீங்களாகவே ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். இந்தக் கட்டிக்கான மருந்து அதுவல்ல. இதுவரை எத்தனை போட்டீர்கள் என்பதை ஆபரேஷன் செய்யப் போகிறவரிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள்.

சரி, உங்கள் நிஜ பயத்துக்கு வருவோம். ஆபரேஷன் செய்தால் கால் விறைத்துப் போய், டெலிவரி வேலைக்கே போக முடியாதோ என்பதுதானே?

உங்களுக்கு வந்திருப்பது இந்த ஊரில் டூ வீலர் ஓட்டுகிறவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். முட்டி மடங்கியிருக்கும்போது அதற்குக் கீழே முன்பக்கத்தில் பலமாக அடி விழுந்தால் கால் எலும்பு பின்னால் தள்ளப்படும். அதைப் பிடித்து வைத்திருக்கும் பின் லிகமென்ட், பிசிஎல் என்பார்கள், தான் அறுபடுவதற்குப் பதில் ஒட்டியிருந்த எலும்பைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. கொடிக்கயிறு அறுபடாமல் ஆணியைச் சுவரோடு பெயர்த்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி. கயிறு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆணி இருந்த இடத்தைச் சரிசெய்தால் போதும். எலும்பு எலும்போடு ஒட்டிக்கொள்ளும், அந்த வகையில் லிகமென்ட் நடுவில் அறுந்தவரைவிட உங்கள் நிலைமை மேல்.

துண்டு இடம் மாறாமல் இருந்தால் பிரேஸ் (முட்டியை அசையாமல் பிடிக்கும் பட்டை) மட்டும் போட்டுப் பார்க்கலாம். உங்களுடையது 8 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று ரிப்போர்ட்டே சொல்கிறது, ஆபரேஷன் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். பொதுவாக 3 வாரத்துக்குள் செய்வது நல்லது. அதற்கு மேல் போனால் நடுவில் தழும்புத் திசு வளர்ந்து துண்டு பழைய இடத்தில் சரியாக உட்காராது. முடியவே முடியாது என்றில்லை, கஷ்டம். ரொம்பத் தாமதமானால் வேறு இடத்திலிருந்து தசைநார் எடுத்துப் புதிதாக லிகமென்ட் கட்ட வேண்டிவரலாம். டாப்ளரில் கட்டி இருப்பது தெரிந்தால் ஆபரேஷன் நாளை டாக்டர்தான் முடிவு செய்வார், அதனால்தான் ஸ்கேன் முதலில் என்கிறேன். குப்புறப் படுக்கவைத்து முட்டியின் பின்பக்கம் திறந்து ஸ்க்ரூ போடுவார்கள், சிலர் ஆர்த்ரோஸ்கோப்பி வழியாக, அதாவது சின்னத் துளையில் கேமரா விட்டு, நூலால் கட்டுவார்கள். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால், இதில் கை பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஆபரேஷனுக்குப் பதில் நாட்டு வைத்தியமான புத்தூர் கட்டு போதாதா? மூட்டுக்குள் விலகிய துண்டை வெளியிலிருந்து கட்டு போட்டு இடத்தில் உட்கார வைக்க முடியாது. மூன்று வாரம் போன பிறகு கட்டைப் பிரித்துக்கொண்டு எங்களிடம்தான் வருகிறார்கள்.

ஸ்க்ரூ துருப்பிடிக்காது, தொந்தரவு இல்லாதவரை எடுக்கவும் வேண்டாம். ஆட்டுக்கால் சூப் எலும்பை ஒட்டவைக்காது, ருசிக்காகக் குடியுங்கள். செலவுக்கு, காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரி கவுன்டரில் முதலிலேயே காட்டிக் கேளுங்கள். இல்லாவிட்டால் சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது.

விறைப்பு வராது என்று நான் சொல்ல மாட்டேன். வரும், பயந்துகொண்டு காலை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் அதிகம் வரும். தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியை ஆபரேஷனுக்கு மறுநாளே சொல்லித் தருவார்கள், வலித்தாலும் செய்யுங்கள். படுக்கும்போது தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் எலும்பு மறுபடி பின்னால் சரியும். முட்டியை மடக்குவது பிசியோ சொல்லும் அளவுக்கு மட்டும், பொதுவாக ஆறு வாரத்தில் 90 டிகிரி. ஸ்கூட்டரைத் தொட ஏறக்குறைய மூன்று மாதம், சம்மணம் அதற்கும் அப்புறம்.