சுண்ணாம்புக் கோட்டில் சுருங்கிய அறை

கேள்வி: காட்பாடிக்கு அருகில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, 12க்கு 10 அடிப் படுக்கையறையில் கட்டில்கூடக் கொள்ளாது என்று தோன்றியது. மேஸ்திரி, 'சுவர் ஏறட்டும், பெரிதாகத் தெரியும்' என்கிறார். பொறியாளர் கைப்பேசிக்கு அனுப்பிய முப்பரிமாணப் படத்திலோ அதே அறை கல்யாண மண்டபம்போல் இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி ஒருவர், வேலூர் மாவட்டம்

பதில்: மேஸ்திரியை நம்புங்கள், படத்தைத்தான் விசாரிக்க வேண்டும். திறந்த வெளியில் போட்ட கோட்டை நம் கண் முழு மனையோடும் வானத்தோடும் ஒப்பிடுவதால் அறை சுருங்கித் தெரிகிறது. சுவர் எழுந்து பார்வையை மறித்த பிறகு, ஒப்பிடுவதற்குக் கதவும் சன்னலும் மட்டுமே எஞ்சுகின்றன.

பிளான் என்பது வீட்டைக் கிடைமட்டமாக வெட்டி மேலிருந்து நோக்கும் படம். அளவுக்கு அது உண்மையானது என்றாலும், குடியிருப்பவர் எவரும் தம் வீட்டை அப்படிப் பார்ப்பதில்லை. கண் பார்ப்பதுபோல் வரையும் முறையை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி செய்து காட்டியபோது, பலகையில் ஒரு துளையிட்டு அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்க வைத்தார். அத்தகைய படம் ஓரிடத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்கு மட்டுமே சரியாக அமையும் என்பதை அந்தத் துளை சொல்லிவிடுகிறது. உங்களுக்கு வந்த படத்தில் அந்தக் கண் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இராது. எதிர்ச்சுவரை நீக்கிவிட்டு, வெளியே நின்று, அகன்ற கோணத்தில் பார்த்திருக்கும். அதைச் சிறிய திரையில் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது அறையின் ஆழம் நீண்டுவிடுகிறது.

கண்ணின் இந்த வழக்கத்தை நம் சிற்பிகள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். மேலே செல்லச் செல்ல நிலைகள் உண்மையிலேயே குறுகுகின்றன. கண்ணோ அதையும் தொலைவின் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் உயரம் கூடித் தெரிகிறது. கட்டடத்தின் முகப்பை நேராகக் காட்டும் எலிவேஷன் படத்தில் இந்த வித்தை புலப்படாது, ஏனெனில் அங்கே எல்லா நிலைகளும் கண்ணுக்கு நேராகவே நிற்கின்றன.

இனி உங்கள் அறை. தரையிலிருந்து 5 அடி உயரத்தில், வாசற்படியில் நிற்பவர் காண்பதுபோல் ஒரு படம் கேளுங்கள். 12 அடி என்பது சுவரின் உள்ளளவா, ஒரு சுவர்த் தடிமனின் நடுவே செல்லும் மையக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் மையக்கோடு வரையிலான அளவா என்பதையும் கேளுங்கள். மையக்கோடு என்றால், 9 அங்குலச் சுவருக்கு உள்ளே 11 அடி 3 அங்குலம்தான் கிடைக்கும், பூச்சு அதிலும் கொஞ்சம் குறைக்கும். பிறகு, இப்போது உறங்கும் அறையை டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணைப் பிளானில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.