குவாண்டம் கணினித் துறையில் ஆராய்ச்சியாளராக இருப்பவர் தினமும் என்னதான் செய்வார்? முனைவர் பட்டம் கட்டாயமா?

எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கோட்பாட்டு ஆளுக்கு வெள்ளைப் பலகை, பைத்தான், ஆய்வுக் கட்டுரைகள். சோதனைக்கூடத்தில் இருப்பவர் கதையே வேறு.

மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) செய்த க்யூபிட்டுகளை, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளை, எடுத்துக்கொள்வோம். சில்லு ஒரு ராட்சதக் குளிர்விப்பானின் அடித்தட்டில், ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகெல்வினில் இருக்கும்; கிட்டத்தட்ட −273 டிகிரி செல்சியஸ். அறை வெப்பநிலையிலிருந்து அங்கே இறங்கவே ஓரிரு நாள் ஆகிவிடும். இறங்கிய பிறகு ஒரு கேபிள் இணைப்பு சரியில்லை என்று தெரிந்தால், மறுபடி சூடாக்கித் திறக்க வேண்டியதுதான். (இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல் தகுதி என்பேன்.) எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அளவீடு பாக்கி: ஒவ்வொரு க்யூபிட்டின் அதிர்வெண் என்ன, எவ்வளவு வலுவான மைக்ரோவேவ் துடிப்பு கொடுத்தால் 0 நிலை 1-ஆகப் புரளும், அந்த 1 எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும். பல சில்லுகளில் அந்த ஆயுள் நூறு மைக்ரோவினாடி அளவுதான். காலையில் அளந்த எண் மாலையில் நகர்ந்திருக்கவும் கூடும். பொருளில் உள்ள நுண்ணிய குறைபாடுகள் செய்யும் சேட்டை அது.

அதனால்தான் பிழைதிருத்தத்துக்கு, அதாவது ஒரே தகவலைப் பல க்யூபிட்டுகளில் பரப்பி வைத்துப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறைக்கு, இவ்வளவு மவுசு. அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1995-இலேயே வழி காட்டிவிட்டார். ஆனால் அந்தத் தகவலைப் பரப்பும் குறியீட்டை, இன்னும் அதிக க்யூபிட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறைவதை, கூகுள் குழு 105 க்யூபிட் கொண்ட வில்லோ சில்லில் 2024-இல்தான் தெளிவாகக் காட்டியது.

முனைவர் பட்டம்? ஆராய்ச்சியாளர் பதவிக்குப் பெரும்பாலும் கேட்பார்கள். இயற்பியல்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை. மைக்ரோவேவ் பொறியியல் தெரிந்தவருக்கும் இங்கே நிறைய வேலை இருக்கிறது.