வரலாறு படித்த மூன்று வருடமும் வீணா?

அம்மா, பையன் பி.ஏ. வரலாறு முடிக்கப்போகிற நேரத்தில் சட்டம் படிக்கணும், அதுவும் கப்பல் சட்டம்தான் என்கிறான், பிளஸ் டூ முடித்ததுமே சொல்லியிருந்தால் ஐந்து வருடப் படிப்பில் சேர்த்திருப்பேனே, மூன்று வருடம் வீணாகப் போச்சே என்று எழுதியிருக்கிறீர்கள். வீணாகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வில்லியம் ஸ்காட் என்று ஒருவர், பின்னாளில் ஸ்டோவெல் பிரபு. 1745ல் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்தில் பிறந்தார். அப்பாவுக்கு நிலக்கரியைக் கப்பலேற்றும் தொழில். லண்டனில் சட்டம் படிக்கப் பெயர் கொடுத்தது 1762ல், வக்கீலானது 1780ல். நடுவில் பதினெட்டு வருடம்! அதில் பெரும்பகுதி ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்தினார், பழங்கால வரலாறும் அதில் உண்டு.

அதுதான் பிறகு சோறு போட்டது. அன்று இங்கிலாந்தில் கடல் வழக்குகளும், திருமணம் உயில் போன்றவற்றைப் பார்த்த தேவாலய நீதிமன்றங்களும் மற்ற நீதிமன்றங்களைப் போல நடக்கவில்லை, ரோமானியச் சட்ட மரபில் நடந்தன. அங்கே வாதாட ஆக்ஸ்போர்டிலோ கேம்பிரிட்ஜிலோ சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். லத்தீனும் ரோம வரலாறும் கரைத்துக் குடித்த மனிதருக்கு அது சொந்த வீடு மாதிரி. 1788ல் லண்டன் தேவாலய நீதிமன்ற நீதிபதி, 1798 முதல் முப்பது வருடம் கடல் நீதிமன்ற நீதிபதி. பிரான்சோடு போர் நடந்த காலம், போரில் பிடிபட்ட கப்பல்களின் வழக்குகள் பல அவர் முன்னால் வந்தன. 1799ல் மரியா என்ற ஸ்வீடன் கப்பல் வழக்கில், நீதிமன்றம் இந்த ஊரில் இருக்கலாம், நாடுகளுக்கு இடையிலான இந்தச் சட்டத்துக்கு ஊர் கிடையாது என்ற பொருளில் எழுதினார். எல்லாத் தீர்ப்பையும் நான் மெச்ச மாட்டேன். இங்கிலாந்து வந்து ஆன்டிகுவா தீவுக்குத் திரும்பிய கிரேஸ் என்ற அடிமைப் பெண் மீண்டும் அடிமைதான் என்று 1827ல் சொன்னவரும் இவரே. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அவருக்கு அப்பாவின் சொத்து இருந்தது. உங்கள் பையனுக்கு முதல் சில வருடம் சீனியரிடம் வரும் பணம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருக்கலாம். அதற்குக் குடும்பம் தாங்குமா என்று இப்போதே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், வயதைப் பற்றிய கவலையைவிட இதுதான் முக்கியம்.

டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருட எல்.எல்.பி. இருக்கிறது. கப்பல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. இந்த வழக்குகளில் கப்பலின் மீதே வழக்குப் போடலாம், துறைமுகத்தில் நிற்கும்போதே கைது செய்யலாம். பையனை 2017ஆம் வருடத்துக் கடல்சார் வழக்குச் சட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கப்பலை விற்று வரும் பணத்தில் மாலுமிகளின் சம்பள பாக்கிக்கு ஏன் அவ்வளவு முன்னுரிமை என்று அவனே யோசித்து ஒரு பக்கம் எழுதட்டும். அதோடு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.