கம்யூனிசமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகுமா? என் பதில்: பாதி வழி வரை

கம்யூனிசக் கொள்கையை ஏற்றுக்கொண்ட ஒருவர் நல்ல கிறிஸ்தவராகவும் இருக்க முடியுமா என்பது கேள்வி. நான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். மார்க்ஸைக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் ஆதி கிறிஸ்தவ சபையின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தோம். "ஒருவனாகிலும் தனக்குள்ளவைகளில் ஒன்றையும் தன்னுடையதென்று சொல்லவில்லை; சகலமும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தது." நிலமும் வீடும் உள்ளவர்கள் அவற்றை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர்களிடம் கொண்டுவந்தார்கள். அவரவர் தேவைக்குத் தக்கபடி அது பகிரப்பட்டது. "இது கம்யூனிசம்தானே ஐயா?" என்று ஓர் இளைஞர் கேட்டார். வகுப்பு நடத்தியவர் சிரித்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குத் தாவிவிட்டார். அந்தத் தாவல் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

ஏனென்றால் அந்த இளைஞர் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. "ஒவ்வொருவரும் தன் திறனுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப" என்று மார்க்ஸ் 1875இல் எழுதிய வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பாதி நடபடிகள் 4இல் அப்படியே இருக்கிறது. முன்பாதிக்கு 11ஆம் அதிகாரம் போக வேண்டும்: யூதேயாவில் இருந்த சகோதரருக்குச் சீடர்கள் தங்கள் "திராணிக்குத்தக்கதாக" பணம் சேர்த்து அனுப்பினார்கள். அந்த வாசகம் மார்க்ஸுக்கு முன்பே பிரெஞ்சு சோஷலிஸ்டுகளிடம் புழங்கியது. அவர்களில் ஒருவரான எத்தியேன் கபே, உண்மையான கிறிஸ்தவம் என்பதே கம்யூனிசம்தான் என்று வாதாடி 1846இல் புத்தகமே போட்டார்.

இன்னொரு வேடிக்கை. "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று அப்போஸ்தலரான பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதினார். "உழைக்காதவன் உண்ணக்கூடாது" என்ற வரி 1918 சோவியத் ரஷ்ய அரசியலமைப்பிலும், 1936இல் ஸ்டாலின் கொண்டுவந்ததிலும் இருக்கிறது. அதே அரசுதான் 1931இல் மாஸ்கோவின் இரட்சகராகிய கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தது.

சரி, வகுப்பில் தாவிப் போன அந்த ஐந்தாம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? நிலத்தை விற்றுவிட்டு, பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதை. "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்று பேதுரு கேட்கிறார். அதாவது யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அனனியா செய்த தவறு பணம் வைத்துக்கொண்டது அல்ல, பொய் சொன்னது. கம்யூனிசத்தை மறுக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதிலிருந்து "என் சொத்து என் இஷ்டம், வேதமே சொல்லிவிட்டது" என்று போவது அநியாயம். நான்காம் நூற்றாண்டில் ஆயரான பசிலியார், நீ வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய உடை ஆடையில்லாதவனுடையது என்று பிரசங்கம் செய்தார். அவர் கணக்கில் தருமம் என்பது தாராளம் இல்லை, கடனைத் திருப்பிக் கொடுப்பது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், துறவி ஓர் எழுதுகோலைக்கூடத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. 1528இல் தொடங்கிய ஹட்டரைட்டுகள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் இன்றும் வட அமெரிக்காவில் பண்ணை, பணம் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்கிறார்கள். ஆகப் பொதுவுடைமை கிறிஸ்தவத்துக்கு அந்நியம் இல்லை.

நாத்திகம்தான் பெரிய தடை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதம் மக்களின் அபின் என்ற வரிக்குச் சற்று முன்னால், அது ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். அதை மேற்கோள் காட்ட இரு தரப்புக்குமே மனமில்லை. 1937இல் போப் பதினோராம் பயஸ் கம்யூனிசத்தை அதன் இயல்பிலேயே தவறானது என்று அறிவித்தார். ஆனாலும் நிகரகுவாவில் கவிஞரும் குருவுமான எர்னெஸ்டோ கார்டெனால் 1979 புரட்சிக்குப் பின் அமைச்சரானார். 1983இல் விமான நிலையத்தில் தன் முன் மண்டியிட்ட அவரை போப் இரண்டாம் ஜான் பால் எல்லாரும் பார்க்க விரல் நீட்டிக் கண்டித்தார். மறு வருடம் குருப்பணி செய்யத் தடை வந்தது. 2019இல், அவருக்குத் தொண்ணூறு தாண்டிய பிறகு, போப் பிரான்சிஸ் அதை நீக்கினார். கம்யூனிசத்தின் பொருளாதாரத்தை வைத்துக்கொண்டு நாத்திகத்தை விட்டுவிடலாம் என்று வாழ்ந்து காட்டிய ஆள் அவர்.

அப்போ எங்கே இடிக்கிறது? சகேயுவிடம்.

சகேயு ரோமுக்காக வரி வசூலித்த தலைவன், ஊர்ப் பணத்தைச் சுரண்டிச் சேர்த்தவன்; இயேசுவைப் பார்க்க ஒரு மரத்தில் ஏறியிருந்தான். வர்க்கப் போராட்டத்தின் கணக்கில் அவன் எதிரி; அவன் சொத்தைப் பறிப்பதுதான் நீதி, அவன் மனம் மாறுகிறானா என்பது கேள்வியே இல்லை. இயேசு அவனை இறங்கி வரச் சொல்லி, அவன் வீட்டில் தங்கப் போகிறார். அவன் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். சொத்து கைமாறுகிறது, ஆளும் பிழைக்கிறான். "சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்பதை எந்தப் புரட்சியின் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டு பாதைகளும் பிரியும் இடம் இதுதான். இங்கே நான் இயேசுவோடு போகிறேன்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. 1525இல் ஜெர்மன் விவசாயிகள் வேதத்தைக் காட்டித்தான் பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்டார்கள். அவர்கள் ஆயுதம் எடுத்தபோது, வெட்டிப்போடுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதியவர் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர். சத்துருவைச் சிநேகிப்பது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இந்த வாதத்தைக் கம்யூனிஸ்டான ஒரு நண்பரிடம் ஒருமுறை வைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்ல கதை. ஆனால் இரண்டாயிரம் வருஷத்தில் எத்தனை சகேயு மரத்தை விட்டு இறங்கி வந்தான்?" இயேசு வீட்டுக்கு வந்ததால்தான் அவன் இறங்கினான், சபை அப்படி யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "சரி, அதுவரைக்கும் பசித்தவன் காத்திருக்கணுமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.